புது மெல்லிய லேப்டாப் சுடுகிறது, தொட்டால் சுர்ரென்கிறது, சார்ஜ் நிற்கவில்லை: ஏமாந்துவிட்டேனா?

அம்பாசமுத்திரத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறீர்கள். வாரத்தில் நான்கு நாள் செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலி வந்து போகிறீர்கள். பழைய லேப்டாப்பைச் சுமந்து தோள் வலி கண்டதால், 1.2 கிலோ எடையில் மெல்லிய ஒன்றை 72,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். வாங்கி நான்கு நாள் ஆகிறது. அடிப்பக்கம் சுடுகிறது. 15 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருந்த பேட்டரி ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. 512 ஜிபி என்றார்கள், 476 தான் காட்டுகிறது. சார்ஜில் இருக்கும்போது மேல்மூடியைத் தொட்டால் சுர்ரென்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உங்கள் கைக்கு வந்தது பழுதான மெஷினா என்பது ஒன்று. மெல்லிய லேப்டாப் என்றாலே இப்படித்தானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எண்களை வைத்து இன்றைக்கே விடை கண்டுவிடலாம். இரண்டாவதற்குப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். நான் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் 17 வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். உங்கள் மெஷினைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், இங்கிருந்தே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் தொட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடிகிறதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஏமாந்தீர்களா என்பது. இதற்கு மூன்று இடத்தில் பார்த்தால் போதும். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி தொடங்கிய தேதி உங்கள் பில் தேதியை ஒட்டி இருக்க வேண்டும். நான்கைந்து மாதம் முன்பே தொடங்கியிருந்தால் அது கடையில் காட்சிக்கு வைத்திருந்ததாகவோ, வேறொருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கக்கூடும். சில நேரம் கடைக்குச் சரக்கு வந்த தேதியையே பதிந்துவிடுவார்கள். பில்லைக் காட்டித் திருத்தச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள். ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்துக் கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்து பேட்டரி. விண்டோஸிலேயே இதற்கு ஓர் அறிக்கை உண்டு. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளியில்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அதைத் திறந்தால் மேலேயே இரண்டு எண்கள் இருக்கும். டிசைன் கெபாசிட்டி என்பது பேட்டரி எவ்வளவு பிடிக்கும்படி செய்யப்பட்டது என்பது. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இப்போது உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்பது. புது மெஷினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 54,000 என்று செய்தது 53,000 காட்டினால் கவலை இல்லை. 47,000, 48,000 என்று காட்டினால் அது புதுப் பேட்டரிக்குரிய எண் அல்ல. பக்கத்திலேயே சைக்கிள் கவுன்ட் (பேட்டரி எத்தனை முறை முழுதாகத் தீர்ந்து ஏறியது என்ற கணக்கு) என்று இருக்கும், அதுதான் மூன்றாவது. நான்கு நாள் மெஷினில் அது ஒற்றை இலக்கத்தில் இருப்பதே இயல்பு. ஐம்பது அறுபது என்று இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். சில மாடல்களில் அந்த இடம் வெறுமையாகவோ பூஜ்ஜியமாகவோ இருக்கும். அப்போது முதல் இரண்டு எண்களையே நம்புங்கள். இவை சரியாக இருந்தால் நீங்கள் ஏமாறவில்லை. மனதை அந்த இடத்தில் ஆற்றிக்கொண்டு மீதியைப் பார்க்கலாம்.

476 கணக்கு உங்களுக்கு ஒரே வரியில் புரிந்துவிடும். டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கு வைக்கிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட் சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்கிறது. 512-ஐ அந்தப் பெரிய படியால் அளந்தால் 476 வருகிறது. பொருள் குறையவில்லை, அளக்கும் படி வேறு. அதிலும் விண்டோஸும் மீட்புப் பகுதியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதில் யாரிடமும் சண்டை போட ஒன்றும் இல்லை.

இப்போது சூடு. முதல் நான்கைந்து நாளில் ஒரு புது விண்டோஸ் லேப்டாப் உங்களுக்காகச் செய்கிற வேலையைவிடத் தனக்காகச் செய்துகொள்கிற வேலை அதிகம். அப்டேட்கள் ஜிபி கணக்கில் இறங்கும். நீங்கள் பழைய மெஷினிலிருந்து ஏற்றிய கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்து, தேடினால் கிடைக்கும்படி அட்டவணை போடும். வைரஸ் தடுப்பு ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இயங்கினால் எல்லாவற்றையும் மேலே ஏற்ற முயலும். இத்தனையும் பின்னால் நடக்கும்போது நீங்கள் எக்செல் மட்டும் திறந்து வைத்திருந்தாலும் ஃபேன் சுற்றும், அடிப்பக்கம் சுடும், பேட்டரியும் வேகமாக இறங்கும். அதனால் ஒரு ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, மூடியைத் திறந்து வைத்து, தூங்கப் போகாதபடி ஸ்லீப்பை நிறுத்தி வைத்து, ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் அப்படியே விட்டுவிடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை இரண்டு ஜிபி என்ற அளவு பாதியிலேயே தீர்ந்து, மறுநாள் மறுபடி தொடங்கும். எங்கள் கடைக்கு "புது லேப்டாப் ஒரு வாரமா சுடுது" என்று வருகிறவற்றில் ஒரு பங்கு ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பியிருக்கிற வீடுகளிலிருந்து வருபவை. அப்டேட் முடிவதே இல்லை, சூடும் தணிவதே இல்லை.

இது போக ஊர் வெயிலும் இருக்கிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் திருநெல்வேலியில் மதியம் வெளியே நாற்பதைத் தொடும், ஓட்டு வீட்டுக்குள்ளும் முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அறை சூடாக இருந்தால் ஃபேன் இழுக்கிற காற்றும் சூடுதான். தடித்த லேப்டாப்பில் செம்பும் அலுமினியமும் நிறைய இருக்கும், ஃபேனும் பெரிது. சூட்டைத் தாங்கிக்கொள்ள இடம் உண்டு. 1.2 கிலோவில் அந்த இடத்தை எடுத்துவிட்டுத்தான் எடையைக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே சிப் 90 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நூறு டிகிரி வரை தாங்கும்படிதான் பெரும்பாலான சிப்களைச் செய்திருக்கிறார்கள். அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. ஒன்றும் திறக்காமல், அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு, ஃபேன் ஓயாமல் சுற்றினாலோ, ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, டச்பேட் லேசாக மேலே எழும்பியிருந்தாலோ உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். டச்பேட் எழும்புவது பேட்டரி உப்புவதன் அடையாளம். அதில் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட வேண்டும்.

எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். இந்த மெஷின்களில் காற்று இழுக்கும் துளைகள் அடியில்தான் இருக்கும், ரப்பர் காலின் உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பஞ்சு மெத்தையில் வைத்தால் துளை முழுக்க அடைந்துபோகும். தரையில் பத்தமடைப் பாய் விரித்து அதன்மேல் வைத்தால்கூடப் பரவாயில்லை, கோரை அமுங்காது. அதைவிட ஒரு மணைப்பலகை நல்லது. கூலிங் பேட் என்று விற்பவற்றில், மெஷினின் துளைக்கு நேராகக் காற்று வராதவற்றால் பெரிய பலன் எதையும் நான் பார்த்ததில்லை.

பேட்டரி நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. உங்கள் மாடலின் பேட்டரி 54 வாட் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 15 மணி நேரம் ஓட வேண்டுமென்றால் மணிக்கு 3.6 வாட் அவர்தான் செலவாக வேண்டும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, உள்ளேயே இருக்கிற ஒரு வீடியோவை ஓடவிட்டால் அந்த அளவுக்கு வரலாம். வீடியோவைக் காட்டுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது, அது மிகக் குறைவாகத்தான் எடுக்கும். அட்டையில் போடுகிற எண் பெரும்பாலும் அப்படி அளந்ததுதான். நீங்கள் வைஃபை போட்டு, குரோமில் பத்துப் பன்னிரண்டு பக்கம் திறந்து, எக்செலும் கணக்கு மென்பொருளும் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை மீறித் தெரியும்படி திரையை ஏற்றி வைத்து வேலை செய்கிறீர்கள். ஐந்தரை மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 9.8 வாட் அவர். முதல் வாரத்துக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. பின்னால் நடக்கிற வேலை ஓய்ந்த பிறகு ஏழு மணி நேரம் வந்தால் நல்ல மெஷின் என்றுதான் நான் சொல்வேன். அட்டையில் போட்ட 15 மணி உங்கள் வேலைக்கு வராது. அதற்காகத் திருப்பிக் கொடுத்து வேறு கம்பெனி வாங்கினாலும் அட்டைக்கும் கைக்கும் இதே இடைவெளியைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, வீட்டில் சார்ஜில் போட்டே வேலை செய்கிற நாட்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். தயாரிப்பாளரின் செயலியிலோ பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற அமைப்புத் திரை) அது இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, எப்போதும் நிறைந்தே இருப்பது. நம் ஊரில் முதலாவதைத் தடுக்க முடியாது. இரண்டாவதையாவது தடுக்கலாம். திருநெல்வேலிக்குக் கிளம்புகிற நாளில் மட்டும் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

தொட்டால் சுர்ரென்பதை நீங்கள் கடைசியில், ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். நான்கில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "கரண்டு அடிக்கு அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டு வாரத்தில் ஒருவராவது வருகிறார்கள். அடாப்டருக்குள் வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவில், மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கெபாசிட்டர் வைப்பார்கள். அதன் வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் கசியும். அடாப்டர் மூன்று பின் வகையாக இருந்து, சுவரில் எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும், உங்களுக்குத் தெரியாது. இரண்டு பின் அடாப்டர் என்றாலும், மூன்றாவது துளையில் எர்த் ஒயரே இல்லாத வீடு என்றாலும் அதற்குப் போக வழி இல்லை. அலுமினிய மூடியில் நின்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு தரையில் நின்று நீங்கள் தொடும்போது உங்கள் வழியாகப் போகும். புறங்கையால் தடவினால் துணியைத் தடவுவதுபோல் அதிரும். இந்தக் கசிவு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. தரமான அடாப்டரில் இது உடலுக்குக் கெடுதல் செய்கிற அளவு அல்ல. எலக்ட்ரீஷியன் யாராவது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து நூறு வோல்ட் காட்டுகிறது என்று பயமுறுத்தலாம். டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக மின்னோட்டத்தை ஏறக்குறைய விடவே விடாது என்பதால் அப்படிக் காட்டும். அதன் பின்னால் பலம் இருக்காது.

ஆனால் இந்த ஆறுதலை எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட முடியாது. உங்கள் வீடு ஆற்றங்கரைப் பக்கத்துப் பழைய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவதன் பின்னால் ஒயர் இருக்காது. இருந்தாலும் எர்த் குழியில் போட்ட கரியும் உப்பும் காய்ந்து, குழாய் துருப்பிடித்து, வருடக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துச் செம்மண் காட்டில் மண்ணே காய்ந்து கிடப்பதால் அங்கே இது இன்னும் மோசம். எனவே இப்படிச் சோதியுங்கள். உங்கள் அடாப்டர் மூன்று பின் என்றால், எர்த் சரியாக இருப்பது தெரிந்த ஓர் அலுவலகத்திலோ புது வீட்டிலோ போட்டுப் பாருங்கள். அங்கே சுர்ரென்பது நின்றால் குறை உங்கள் வீட்டு ஒயரிங்கில். இரண்டு பின் அடாப்டர் என்றால் எங்கே போட்டாலும் லேசாக இருக்கத்தான் செய்யும். வீட்டு எர்த்தைச் சரிசெய்தாலும் லேப்டாப்பில் மாறாது. எர்த் இணைப்புள்ள மூன்று பின் அடாப்டர் அதே கம்பெனியில் கிடைத்தால் அதை வாங்கலாம், இல்லாவிட்டால் காலில் செருப்போடு உட்காரலாம். நல்ல எர்த்திலும் மூன்று பின் அடாப்டரில் சுர்ரென்றால் அடாப்டரை மாற்றித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அதிர்வாக இல்லாமல் கையை வெட்டி இழுப்பதுபோல் இருந்தால் அந்த நொடியே சுவிட்சை அணைத்துவிடுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் இவற்றைத் தொட்டாலும் இதே மாதிரி இருக்கிறதென்றால், லேப்டாப்பை விட்டுவிட்டு முதலில் வீட்டுக்கு எர்த் குழி போட்டு, மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

வோல்டேஜ் ஏறி இறங்குவதற்காக ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பார்கள், அந்தத் தாழ்வை அதுவே சமாளிக்கும். இடிதான் ஆகாது. மலையடிவாரம் என்பதால் அம்பை, பாபநாசம், மணிமுத்தாறு பக்கத்தில் கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி பலமாக இருக்கும். இடிச் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. முதல் நாள் கடையில் மெஷினைத் திறந்து செட்டப் செய்து கொடுத்தது யார், எந்த மின்னஞ்சலில்? புது விண்டோஸ் 11 செட்டப் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். வாங்கியவரிடம் பாஸ்வேர்டு கேட்டு, ஓடிபி வாங்கி என்று நேரம் ஆகும் என்பதால் சில கடைகளில் தங்கள் பொதுவான மின்னஞ்சல் ஒன்றைப் போட்டுத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க ஒன்றும் தெரியாது, எல்லாம் ஓடும். ஆனால் இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் நுழைந்த உடனே டிஸ்க் முழுவதையும் தானே பூட்டிக்கொள்கின்றன. பூட்டின் சாவி 48 இலக்க எண். அது அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். பயாஸ் அப்டேட் ஆகும்போதோ மதர்போர்டு மாற்றும்போதோ ஒரு நாள் நீலத் திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் உள்ளே இருப்பதை நானும் திறக்க முடியாது, யாராலும் முடியாது.

போன வருடம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் இப்படி வந்தார். இரண்டு வருட மெஷின். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சாவி கேட்டது. வாங்கிய கடையில் அந்த மின்னஞ்சலை வைத்திருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கடைசி வருட புராஜெக்ட் முழுதும் அதற்குள் இருந்தது. மெஷினில் ஒரு திருகு கூடப் பழுதில்லை. டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் கடை வாசல் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உங்கள் மெஷினில் பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் கணக்கு இருக்கப் போகிறது.

ஆகவே இன்றைக்கே செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால், கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, ரீசெட் செய்து உங்கள் கணக்கில் முதலிலிருந்து தொடங்குங்கள். நான்கே நாளில் இது அரைநாள் வேலை. ஒரு வருடம் கழித்து என்றால் ஒத்திப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள். உங்கள் கணக்கு என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் நுழைந்து அந்த 48 இலக்கத்தை எடுத்துக் காகிதத்தில் எழுதி, பில்லோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள். அப்புறம் ஒன்டிரைவையும் பாருங்கள். கேட்காமலே டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மேலே ஏற்றத் தொடங்கியிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் மேலே ஏறுவது நின்றுவிடும், நீங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் என்பதைத்தான் நான் கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

திருப்பிக் கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, ராம் (வேலை செய்யும்போது மெஷின் பயன்படுத்தும் நினைவகம்) ஒன்றைப் பொறுத்துத்தான் நான் யோசிப்பேன். எத்தனை ஜிபி என்று நீங்கள் எழுதவில்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்து மெஷின்களில் அடிமூடியைத் திறந்தால் ராமைக் கழற்றி மாட்டலாம், பேட்டரியை விரலால் தள்ளி எடுக்கலாம். நாங்கள் தொழில் பழகியதே அவற்றில்தான். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் ராம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இது புதுசும் அல்ல; 2008-ல் ஆப்பிள் கம்பெனி கவருக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய முதல் மேக்புக் ஏரிலேயே 2 ஜிபி ராமைப் பற்றவைத்துத்தான் கொடுத்தார்கள். தடிமனும் குறைகிறது, மின்செலவும் குறைகிறது. பதிலுக்கு, வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவுதான் கடைசி வரை. உங்களுடையது 16 ஜிபி என்றால் ஐந்தாறு வருடம் கவலை இல்லை. 8 ஜிபி என்றால், விண்டோஸ் 11-ம் நீங்கள் திறக்கிற குரோம் பக்கங்களும் சேர்ந்து இப்போதே அதை நிறைத்துவிடும். கூடுதல் பணம் கொடுத்து 16-க்கு மாற்றித் தரக் கடை சம்மதித்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தருகிற காலம் கடைக்குக் கடை வேறு, ஏழு நாள், பத்து நாள் என்று இருக்கும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்கைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம், பெரும்பாலான மாடல்களில் அதைப் பின்னால் மாற்றலாம்.

கூடவே சிப் எது என்றும் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி என்றால் சரி. ஸ்னாப்டிராகன் என்றால் பேட்டரி நன்றாக நிற்கும், சூடும் குறைவு. ஆனால் கம்பெனிகளுக்கு ரிட்டர்ன் போட நீங்கள் செருகுகிற டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் பழைய பிரிண்டருக்கும் அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் (கருவியை இயக்க உதவும் மென்பொருள்) வேண்டும். சாதாரண மென்பொருளை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும், டிரைவரை அப்படி ஓட்டாது. டோக்கனைச் செருகி ஒரு கையொப்பம் போட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

ரயில் பயணத்துக்கு ஒரு விஷயம். இப்போதைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் மூடியை மூடினால் பழைய மாதிரி முழுத் தூக்கம் கிடையாது, போன் மாதிரி பாதி விழித்தே இருக்கும். பைக்குள் இருக்கும்போதே அப்டேட் தேடும். சேரன்மகாதேவியில் பையைத் திறந்தால் மெஷின் கொதிக்கும், சார்ஜும் கால்வாசி போயிருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆக வேண்டும் என்று மாற்றிவிடுங்கள். திறக்கும்போது பத்துப் பதினைந்து நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். பையில் அடாப்டரையும் டிபன் பாக்ஸையும் லேப்டாப்போடு ஒரே அறையில் வைக்காதீர்கள். கீழே விழுந்து உடைந்த திரைகளைவிட, கூட்டத்தில் பை நெரிந்து உள்ளே இருந்தது அழுத்தி உடைந்த திரைகள்தான் என் மேஜைக்கு அதிகம் வருகின்றன. மூடி அவ்வளவு மெல்லியது. திறக்கும்போதும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் கீல் பல வருடம் உழைக்கும்.

கடைக்காரர்களுக்குத் தமிழில் கடிதம் எழுதுவதாகச் சொன்னீர்கள். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மாறும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த உங்கள் பழைய கோப்புகள் புது மெஷினில் கிறுக்கலாகத் தெரிந்தால் அவை கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்துருவைப் பழைய மெஷினிலிருந்து கொண்டுவந்து போட்டால் தெரியும். புதிதாக அடிப்பதை மட்டும் எந்த மெஷினிலும் தெரிகிற யூனிகோடில் அடியுங்கள்.

திரையைத் திறக்கும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். இதை இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை. புதுக் கீல் இறுக்கமாக இருப்பதால் வரலாம், உள்ளே திருகு ஒன்று சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். திறந்து மூடும்போது ஓரத்துப் பிளாஸ்டிக் பிளந்து இடைவெளி தெரிந்தால் அது திருகுதான், வாரண்டியில் சரிசெய்து கொடுப்பார்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

இன்று ராத்திரி அப்டேட்டுக்கு விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து அந்தப் பேட்டரி அறிக்கையை மறுபடி எடுங்கள். இரண்டு கெபாசிட்டி எண்களையும், சைக்கிள் கவுன்ட்டையும், சார்ஜ் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும், அடாப்டர் இரண்டு பின்னா மூன்று பின்னா என்பதையும் எழுதுங்கள். முழு சார்ஜ் எண் 50,000-க்குக் கீழே இருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள்.